ஏற்றத்தில் மட்டும் கொதித்த 970 சிசி இன்ஜின்: கோத்தகிரிச் சாலையில் ஓடிய பழைய ஜிப்ஸி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரியில் கோத்தகிரியை ஒட்டிய ஒரு சிறு தேயிலை விவசாயிக் குடும்பத்தில், 1980களின் இறுதியில் வாங்கப்பட்ட எம்ஜி410 வகை மாருதி ஜிப்ஸி ஒன்று இன்றும் வேலை செய்கிறது. கொழுந்து பறிக்கும் நாட்களில் சரிவான காட்டிலிருந்து மூட்டைகளைத் தார்ச்சாலை வரை ஏற்றிவருவதும், வாரத்தில் ஓரிரு முறை மேட்டுப்பாளையம் இறங்கி உரமும் சாமான்களும் கொண்டுவருவதும் அதன் பணி. பறித்த கொழுந்து மூட்டைக்குள் அதிக நேரம் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும் என்பதால், அன்றைய இலை அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். வண்டி நின்றால் அன்றைய கூலிக்கே நட்டம் வரும் என்ற நிலையில்தான் இந்தக் குடும்பம் அதை நம்பியிருந்தது.

இந்த வண்டியில் இருப்பது சுசூகியின் எஃப்10ஏ இன்ஜின். சிலிண்டர் விட்டம் 65.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72 மில்லிமீட்டர், நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 970 சிசி. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஹெட்டின் மேல் ஒரே கேம்ஷாஃப்ட், எட்டு வால்வு, பல்பட்டையால் (டைமிங் பெல்ட்) ஓடும் டைமிங், கார்புரேட்டர் ஆகியவை கொண்ட எளிய அமைப்பு. வெளிநாடுகளில் எஸ்ஜே410 என்ற பெயரில் ஓடிய சிறு ஃபோர் வீல் வண்டிக்காக வந்த இந்த இன்ஜின், 1985 டிசம்பரில் ஜிப்ஸி வழியாக இந்தியச் சாலைகளுக்கு வந்தது, 1996இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்ஸி கிங் வரும்வரை இதுவே அந்த வண்டியின் இதயமாக இருந்தது. 45 குதிரைத்திறன் என்பது இன்றைய கணக்கில் மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனியாக அமர்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ நிலையில் வேகத்தை மேலும் 2.51 மடங்கு குறைத்து இழுவையை அதே அளவுக்குக் கூட்டித் தருவதால், எடை குறைந்த இந்த வண்டிக்கு மண்சாலை ஏற்றங்களில் அந்தத் திறனே போதுமானதாக இருந்து வந்திருக்கிறது.

முறைப்பாடும் அதற்கு முன் நடந்த வேலைகளும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, குஞ்சப்பனையைத் தாண்டிய சிறிது நேரத்தில் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொடும். அரவேணு வருவதற்குள் ரிசர்வ் டப்பா வழியாகக் கூலன்ட் எனும் குளிர்விக்கும் நீர் பொங்கி வெளியே கொட்டும். மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும் கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலும் இருக்க, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலேயே இந்த ஏற்றம் முழுவதும் ஏறி முடிகிறது. இந்தச் சாலையில் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும். தோட்டத்துக்குள் காலை நேரக் குளிரில் லோ கியரில் ஊர்ந்து செல்லும்போது இந்தத் தொல்லை இல்லை. இழுவையும் சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது.

இதற்காக வண்டி வெவ்வேறு பட்டறைகளுக்குப் போயிருந்தது. முதலாவது இடத்தில், இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அதில் தீராததால் அடுத்த இடத்தில் ரேடியேட்டருக்குப் புதிய கோர் போட்டு, மேல்தொட்டியின் கழுத்தையும் மாற்றி, புதிய மூடியும் வாங்கிப் போட்டார்கள். பிறகு ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் அதன் அடிப்பரப்பைச் சமமாகச் சீவி (ஃபேசிங்), ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டை மாற்றினார்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, ‘ரிங் போய்விட்டது, இன்ஜினே தேறாது’ என்று சொல்லி, டீசல் இன்ஜின் ஒன்றை ஏற்றித் தருவதாக விலையும் பேசியிருந்தார்கள்.

இவற்றில் எந்த வேலைக்கும் எழுத்தில் குறிப்பு இல்லை. கழற்றிய பாகங்களும் உரிமையாளரிடம் இல்லை. ஆகவே முதல் தடவை கேஸ்கட் உண்மையாகவே ஊதியிருந்ததா, அல்லது சந்தேகத்தின் பேரில் மாற்றப்பட்டதா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. டீசல் இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னொருவர் கருத்தைக் கேட்டுவிடலாம் என்று உரிமையாளரின் தம்பி வற்புறுத்தியதால் வண்டி என்னிடம் வந்தது. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இன்ஜின் வேலை சொல்லிக்கொடுத்த பழக்கத்தில், எதையும் கழற்றுவதற்கு முன் அளந்துவிடுவது என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லி, அதற்கு ஒப்புதலும் வாங்கிக்கொண்டேன்.

முதல் அளவீடுகள்

பல ஆண்டுகளாக வண்டியை ஓட்டிவரும் டிரைவரிடம்தான் விசாரணை தொடங்கியது. அவர் சொன்ன சில வார்த்தைகள் பின்னால் மிகவும் உதவின. ‘சார், சமத்துல ஓட்டினா ஒண்ணும் தெரியாதுங்க. ஏத்தத்துல கால வச்சு அமுக்குனா மட்டும் இழுக்காதுங்க, சத்தம் மட்டும் வரும். போன மாசம் ராத்திரி ஏறும்போது பானட் சந்துல செவப்பா ஒரு வெளிச்சம் தெரிஞ்சுதுங்க’ என்றார். ஹெட்டிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிவக்கும் அளவுக்குச் சூடாகிறது என்பது அதன் பொருள். ஆனால், அதைப் பற்றி அவரிடம் அதுவரை எந்தப் பட்டறையிலும் கேட்கவில்லை.

முதலில் கம்ப்ரஷன் பார்க்கப்பட்டது. இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்து வைத்துச் சுழற்றியபோது சதுர சென்டிமீட்டருக்கு 10.1 முதல் 10.6 கிலோ வரை காட்டியது. முந்தைய பட்டறையும் ஏறத்தாழ இதே எண்களைப் பார்த்துத்தான் ரிங் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். சமவெளியில் இந்த எண் வந்திருந்தால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டர் உள்ளே இழுக்கும் காற்றே குறைவு என்பதால், கடல்மட்டத்தில் 13 கிலோ காட்டக்கூடிய ஆரோக்கியமான சிலிண்டர் இங்கே பத்தரையை ஒட்டித்தான் காட்டும். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே வேறுபாடு அரை கிலோ மட்டுமே இருந்ததும், பிளக் துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தபோது எண் பெரிதாக உயராததும், ரிங் தேய்மானம் கவலைப்படும் அளவில் இல்லை என்பதையே காட்டின. இருந்தாலும் கணக்கை மட்டும் காட்டினால் குடும்பத்தாருக்கு நம்பிக்கை வராது என்று கருதி, அன்று பிற்பகலில் வண்டி மேட்டுப்பாளையம் இறங்கியபோது அதே கேஜை வைத்து அதே முறையில் மறுபடியும் பார்த்தோம். நான்கும் பன்னிரண்டரையை ஒட்டி நின்றன. ‘தேறாது’ என்று கைவிடப்பட்ட இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்பதை உரிமையாளர் தம் கண்ணாலேயே கண்டது அங்கேதான்.

அடுத்தது குளிரூட்டும் அமைப்பு. கைப்பம்பினால் ரேடியேட்டருக்குள் அழுத்தம் ஏற்றியபோது ரேடியேட்டரும் குழாய்களும் ஹெட்டும் அழுத்தத்தை இழக்காமல் பிடித்து நின்றன. இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் குமிழியும் இல்லை. கேஸ்கட் மீதான சந்தேகம் இத்துடன் பெருமளவு நீங்கியது. வாட்டர் பாடியில் (கூலன்ட்டைச் சுழற்றும் பம்பில்) ஒழுக்கோ ஆட்டமோ இல்லாததால் அதைத் தொடவில்லை. ஆனால் மூடியைத் தனியே பம்பில் பொருத்திச் சோதித்தபோது 0.9 என்று அச்சிட்டிருந்த அழுத்தத்தை அது சரியாகவே பிடித்ததும், அதே மூடியை ரேடியேட்டர் கழுத்தில் வைத்துப் பார்த்தபோது கீழ்ரப்பர் கழுத்தின் உள்விளிம்பைத் தொடாமல் நின்றதும் தெரியவந்தன. புதிதாக வைத்த கழுத்து ஆழம் கூடியது. மூடியோ ஆழம் குறைந்த கழுத்துக்கானது. ரப்பரின் மேல் கழுத்து பதிந்த வட்டத் தடம் துளியும் இல்லை. பளபளவென்று புதிதாக இருந்ததால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

மலைப்பகுதியில் இந்த மூடியின் வேலை சமவெளியில் இருப்பதைவிட முக்கியமானது. குக்கரில் நடப்பதைப் போலவே, மூடிய அமைப்பில் அழுத்தம் கூடக்கூட நீரின் கொதிநிலை உயரும். 1,800 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்; 0.9 கிலோ மூடி சரியாக அமர்ந்திருந்தால் அதே நீர் 115 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். 82 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறக்கும் இன்ஜினில், கடும் ஏற்றத்தில் 95, 98 டிகிரி வருவது இயல்பான ஒன்றே. மூடி அமராத ரேடியேட்டரில் அந்த இயல்பான சூடே கொதிநிலையாகிவிடுகிறது.

இதை மட்டும் வைத்துக் காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளும் ஆசை அங்கிருந்த எல்லோருக்கும் வந்தது. ஆனால் மூடி மாற்றப்பட்டது ரேடியேட்டர் வேலையின்போதுதான். கொதிப்பு அதற்கு முன்பே இருந்தது. இழுவைக் குறைவையும் மேனிஃபோல்டு சிவந்ததையும் மூடியால் விளக்க முடியாது. பிளக்குகள் கரிபிடித்துக் கறுத்திருந்தன. எண்ணெய் அளவுகோலில் பெட்ரோல் வாடை தெளிவாக வீசியது. ஆகவே தேடலைத் தொடர்வது என்று முடிவு செய்யப்பட்டது.

இன்ஜினை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா

இந்த இடத்தில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. மூத்தவருக்கு டீசல் மீது நாட்டம். எரிபொருள் செலவு குறையும், இழுவையும் கூடும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் தவறில்லை என்றாலும், மூன்று காரணங்களுக்காக அதைத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொண்டேன். கம்ப்ரஷன் சரியாக உள்ள இன்ஜினைக் கழற்றி எறிய முகாந்திரம் இல்லை என்பது முதலாவது. 45 குதிரைத்திறனுக்கும் சிறிய முறுக்குவிசைக்கும் வடிவமைத்த கியர்பாக்ஸும் அச்சுகளும் முன்பட்டை ஸ்பிரிங்குகளும் கனமான டீசல் இன்ஜினைச் சுமந்து ஈர மண்ணில் வேலை செய்தால், செலவு வேறு இடத்தில் முளைக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவது சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படியான மாற்றத்தை உரிமையாளர் தம் விருப்பப்படி செய்துவிட முடியாது. பதிவு அதிகாரியின் ஒப்புதலும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை முடித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நிலையில், ஆர்.சி.யில் ஒன்றும் பானட்டுக்குள் வேறொன்றுமாக இருந்தால் அந்தப் புதுப்பித்தலே நின்றுபோகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும்.

இதைக் கேட்ட பிறகு, பறிப்பு குறைவாக இருக்கும் வாரங்களில் பெட்ரோல் இன்ஜினையே சீர்செய்து பார்ப்பது, அதில் தீரவில்லை என்றால் மட்டும் மாற்றத்தைப் பற்றிப் பேசுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு ஒருமுறை மலையேறிப் பார்ப்பது என்பதும் பேசி முடிவானது. வண்டியை இரண்டு வாரம் முழுதாக நிறுத்த அவர்களால் முடியாததால், குளிரூட்டும் அமைப்பின் வேலைகளை ஒரு தொகுதியாகவும் இக்னிஷன் வேலையை அடுத்த தொகுதியாகவும் பிரித்துக்கொண்டோம்.

முதல் தொகுதி: மூடியும் தெர்மோஸ்டாட்டும்

கழுத்தின் ஆழத்துக்கு ஏற்ற 0.9 மூடி போடப்பட்டது. 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அது திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அதன் இடத்தில் வைத்தோம். மலைவண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நன்மை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்த இன்ஜினுக்கு அது நேரான கேடு. கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் இதன் இன்டேக் மேனிஃபோல்டு கூலன்ட் சூட்டினால் வெப்பமூட்டப்படுகிறது. தெர்மோஸ்டாட் இல்லாமல் குளிர்காலக் காலையில் தோட்டத்துக்குள் ஓடும்போது இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வருவதே இல்லை. பெட்ரோல் ஆவியாகாமல் மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாகப் படிந்து, சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எண்ணெய்க்குள் இறங்குகிறது. எண்ணெயில் வீசிய பெட்ரோல் வாடைக்கும் பிளக்குகளின் கரிக்கும் இதுவே பெரும் பங்கு காரணம் என்று மதிப்பிட்டு, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றப்பட்டன.

அடுத்த மலையேற்றத்தில் கூலன்ட் கொட்டவில்லை. ஆனால் முள் முன்பு நின்ற இடத்துக்கே வந்து நின்றது, இழுவையில் மாற்றமில்லை. எதிர்பார்த்ததும் அதுவே. கொதிப்பு நின்றது, சூடு குறையவில்லை. இரண்டும் வெவ்வேறு கோளாறு என்பது இந்த ஓட்டத்தில் உறுதியானது. உரிமையாளருக்கு இதுவே போதும் என்று தோன்றியது. நிறுத்திவிடலாமா என்றும் கேட்டார். முள் சிவப்பில் நிற்க, பொங்காமல் இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் மறுபடி வளைந்தால் ஏற்கெனவே ஃபேசிங் செய்யப்பட்ட அதில் இன்னொரு முறை சீவுவதற்கு இடம் இருக்குமா என்பது சந்தேகம் என்று விளக்கிய பிறகு அவர் தொடரச் சம்மதித்தார்.

இரண்டாம் தொகுதி: டிஸ்ட்ரிபியூட்டர்

இந்த ஆய்வின் மையம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்ஜின் மெதுவாக ஓடும்போது பிளக் தீப்பொறி விட வேண்டிய தருணம் ஒன்று. வேகம் கூடக்கூட அந்தத் தருணம் முன்னதாக நகர வேண்டும், ஏனெனில் தீ பரவ எடுக்கும் நேரம் அவ்வளவாகக் குறைவதில்லை, பிஸ்டனோ விரைந்து வந்துவிடுகிறது. பழைய இன்ஜின்களில் இந்த நகர்வை இரண்டு கருவிகள் செய்கின்றன. தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு எடைகள் சுழற்சி வேகத்தில் வெளியே விரிந்து, சிறு ஸ்பிரிங்குகளின் இழுப்பை மீறி, மேல்தண்டை முன்னே திருப்புகின்றன. பக்கத்தில் உள்ள வாக்குவம் குடுவை, திராட்டில் பாதி திறந்திருக்கும்போது கார்புரேட்டரில் உண்டாகும் உறிஞ்சலால் தட்டை நகர்த்துகிறது. ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது அந்த உறிஞ்சல் ஏறக்குறைய இல்லாமல் போவதால், கடும் ஏற்றத்தில் இன்ஜின் எடைகளை மட்டுமே நம்பியிருக்கிறது.

கியர்பாக்ஸ் கூட்டின் மேல் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, ஃபிளைவீலின் கோட்டில் வெள்ளைப் பெயிண்ட் தடவி, டைமிங் லைட் பிடித்துப் பார்த்தோம். ஐட்லிங்கில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் தீப்பொறி, சரியாகவே இருந்தது. வாக்குவம் குழாயோடு வேகத்தைக் கூட்டியபோது கோடு நகர்ந்தது. பார்க்கிறவர் யாரும் சரியாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்கள். குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு மூவாயிரம் சுற்று வரை கொண்டுபோனபோது, அந்த வெள்ளைக் கோடு 10 டிகிரியிலேயே அசையாமல் நின்றது.

பட்டறையில் நின்றபடி ஆக்சிலரேட்டரைத் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் வாக்குவம் குடுவை இந்தக் குறையை மறைத்துவிட்டிருக்கிறது. சுமையோடு ஏறும்போது, குடுவை வேலை செய்யாத அந்த நிலையில், தீப்பொறி ஏறத்தாழ இருபது டிகிரி தாமதமாகவே விழுந்திருக்கிறது. பிஸ்டன் பாதி வழி இறங்கிய பிறகும் தீ எரிந்துகொண்டிருக்க, அந்த வெப்பம் வேலையாக மாறாமல் எக்ஸாஸ்ட் வால்வு வழியே மேனிஃபோல்டுக்கும், வால்வைச் சுற்றிய ஹெட் வழியே கூலன்ட்டுக்கும் போயிருக்கிறது. இழுவை குறைய, டிரைவர் இன்னும் அழுத்த, சூடு இன்னும் கூடியிருக்கிறது. டிரைவர் இரவில் கண்ட சிவப்பு வெளிச்சத்துக்கும் இதுவே விளக்கம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, மேல்தண்டின் தலையில் அமர்ந்து சுழலும் ரோட்டரை அது சுழலும் திசையில் விரலால் திருப்பிவிட்டால், ஸ்பிரிங் இழுப்பில் அது சட்டென்று திரும்பி வர வேண்டும். இதில் ரோட்டர் திரும்பவே மறுத்தது. ரோட்டருக்கு அடியில், மேல்தண்டின் நடுவே இருக்கும் சிறு ஃபெல்ட் துண்டு கல்லைப் போல் இறுகியிருந்தது. அதில் சில சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்பது பல பட்டறைகளில் மறந்துபோன வழக்கம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் ஈரம் காய்வதில்லை. குடும்பத்தில் ஒரு நோய்க்காலத்தில் வண்டி அப்படியொரு மழைக்காலம் முழுவதும் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்ததாகவும், அதற்குப் பிறகே இழுவை குறையத் தொடங்கியதாகவும் உரிமையாளர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

புதிய டிஸ்ட்ரிபியூட்டர் தேடுவதா, இருப்பதையே சீர்செய்வதா என்ற கேள்வி வந்தது. பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. ஆனால் அதன் தண்டில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தது. நம்முடையதில் அந்த ஆட்டம் இல்லாததால் அதையே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். முழுதும் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவை மெல்லிய தாளால் தேய்த்து எடுத்து, எடைகளின் ஊசிகளுக்கு மெல்லிய கிரீஸும் ஃபெல்ட்டுக்கு எண்ணெயும் விட்டுச் சேர்த்தோம். ஸ்பிரிங்குகள் நீண்டுபோகவில்லை. தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டும் அதன் கன்டென்சரும் புதிதாகப் போடப்பட்டன. மறுபடி லைட் பிடித்தபோது மூவாயிரம் சுற்றில் கோடு 30 டிகிரிக்கு அருகே வந்து நின்றது. வேகத்தைக் குறைத்ததும் தயங்காமல் 10க்குத் திரும்பியது.

அடுத்த ஏற்றத்தில் முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. தெர்மோஸ்டாட் கூட்டில் வெப்பமானி பிடித்துப் பார்த்ததில் கோத்தகிரிக்குச் சற்று முன்னால் 93 டிகிரி. இரண்டாவது கியரில் ஏறிய இடங்களில் பல மூன்றாவதில் ஏறின.

அதன் பிறகு வெளிப்பட்ட இரு தொல்லைகள்

அட்வான்ஸ், அதாவது தீப்பொறி முன்னே நகர்வது, சரியானதும் புதிதாக ஒன்று தெரிந்தது. அடிவாரத்துக்கு அருகே, மதிய வெயிலில், முழுச் சுமையோடு அழுத்தும்போது கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் சத்தம் லேசாகக் கேட்டது. ஃபேசிங் செய்த ஹெட்டில் கம்ப்ரஷன் விகிதம் சிறிது கூடியிருக்கும் என்பதால் இது வியப்புக்குரியதல்ல. ஐட்லிங் டைமிங்கை 8 டிகிரிக்கு இறக்கியதும் சத்தம் நின்றது. காற்று மெலிந்த உயரத்தில் நாக்கிங் வர வாய்ப்பு குறைவு. டைமிங்கை அடிவாரத்தின் வெயிலை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இரண்டாவது தொல்லை பழையது. கொதிப்போடு சேர்த்தே எண்ணப்பட்டு மறைந்திருந்தது. ஏறி வந்து சூட்டோடு நிறுத்தினால் கால் மணி நேரம் ஸ்டார்ட் ஆகாது. இந்த இன்ஜினில் பெட்ரோல் பம்ப் கேம்ஷாஃப்டால் இயங்குகிறது, ஹெட்டிலேயே அமர்ந்திருக்கிறது, ஆகவே அதுவும் ஹெட்டோடு சேர்ந்து சூடாகும். அதனால்தான் அதிலிருந்து மிகுதி பெட்ரோல் டாங்குக்குத் திரும்பிப்போக ஒரு தனிக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் பெட்ரோல் பம்பைக் குளிர்விக்கும், ஆவியையும் அழைத்துக்கொண்டு போய்விடும். யாரோ ஒருவர் அந்தத் திரும்பு குழாயின் முனையில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு அடைத்திருந்தார். குழாய் விரிசல் விட்டு ஒழுகியதால் அப்படிச் செய்திருக்கலாம். போல்ட்டை எடுத்து, மூன்று குழாய்களையும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பரில் புதிதாகப் போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இருபது விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 1980களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பம்பின் டயஃப்ரமும் அதே காரணத்துக்காக மாற்றப்பட்டது.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை மலைக்கு ஏற்றபடி ஒரு படி சிறிதாக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. மெல்லிய காற்றில் கலவை தடிப்பாகும் என்பது உண்மை. எத்தனால் கலந்த பெட்ரோலோ கலவையை மெலிதாக்கும் பக்கம் இழுக்கிறது. வண்டி வாரந்தோறும் 300 மீட்டருக்கும் 1,800 மீட்டருக்கும் இடையே போய்வருவதால், இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டட்டும் என்று ஜெட்டைத் தொடவில்லை. புதிய பிளக்குகள் சில வாரங்களுக்குப் பிறகு வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தது அந்த முடிவுக்கு ஆதரவாக அமைந்தது. பல்பட்டையின் வயது யாருக்கும் தெரியாததால் அது கேள்வியின்றி மாற்றப்பட்டது.

விளைவு

அதற்குப் பிறகு ஒரு முழுக் கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்டன. கூலன்ட் குறையவில்லை. எண்ணெயில் பெட்ரோல் வாடை இல்லை. டீசல் இன்ஜினுக்குப் பேசிய தொகையில் சிறு பங்கே மொத்தமாகச் செலவானது என்று உரிமையாளர் கூறினார். அதற்கு முன் கோர், ஃபேசிங், கேஸ்கட் என்று போன பணம் திரும்ப வராது என்பதையும் அவரே சொன்னார். ரேடியேட்டருக்குப் புதிய கோர் போட்டது முற்றிலும் வீண் என்று நான் கருதவில்லை. அத்தனை வயதான ரேடியேட்டரில் பாதி அடைப்பு இருந்திருக்கக்கூடும். ஆனால் அதை அளந்து பார்த்து முடிவெடுத்தவர் யாரும் இல்லை.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

ஏற்றத்தில் மட்டும் சூடாகும் பழைய பாயிண்ட் இன்ஜின் எதுவாக இருந்தாலும், ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் ரோட்டரை விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை, கருவியும் வேண்டாம். அது திரும்பி வந்தாலும், வாக்குவம் குழாயை அடைத்துவிட்டு டைமிங் லைட்டை மூவாயிரம் சுற்றில் பிடித்துப் பார்த்த பிறகே டைமிங் சரி என்று சொல்ல வேண்டும். மலையில் எடுக்கும் கம்ப்ரஷன் அளவோடு இடத்தின் உயரத்தையும் சேர்த்தே எழுதும் வழக்கம் நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் பட்டறைகளில் வர வேண்டும். சமவெளி அளவை அப்படியே வைத்துப் பார்த்தால் அங்கே ஓடும் நல்ல இன்ஜின்கள் பலவும் தேறாதவை என்றே தெரியும். புதிய மூடி வாங்கும்போது அழுத்த எண்ணோடு கழுத்தின் ஆழத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில நாள் ஓடிய பின் ரப்பரில் வட்டத் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

உரிமையாளர் பக்கத்திலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு நோட்டு வைத்து, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பாகம் ஆகியவற்றை டிரைவரே எழுதிவருகிறார். கழற்றிய பாகங்களைப் பட்டறையில் விட்டுவராமல் வாங்கிவந்து விடுகிறார்கள். அடுத்த தகுதிச் சோதனைக்கு முன் செய்ய வேண்டியவையாக அந்த நோட்டில் இப்போது எழுதியிருப்பவை: வால்வு இடைவெளி சரிபார்ப்பு, டிஸ்ட்ரிபியூட்டர் ஃபெல்ட்டுக்கு எண்ணெய், கூலன்ட் மாற்றம், முன் அச்சின் நக்கிள் சீல்.